கணவாய்க் காற்றுக்கு ஓர் இறக்கை: பரிணாம முறையில் சிறு காற்றாலை வடிவமைக்க முழு வழிகாட்டி

கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கடைப்பலகைகளில் மலையாளம் சேர்ந்துகொள்ளும். காற்று அதே காற்றுதான். வைகாசிக் கடைசியில் மேற்கிலிருந்து கிளம்பி, மலைத்தொடரில் கிடைத்த ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வந்து விழும். ஆடியில் தோப்புக்குள் மட்டை விழாத நாள் கிடையாது. கார்த்திகையில் திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும். சித்தூர்ப் பக்கம் அதற்கு விருச்சிகக் காற்று என்று பெயர். அவர்களுடைய விருச்சிகம் நம்முடைய கார்த்திகை. கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகும்போது கஞ்சிக்கோட்டில் தெரிகிற கேரள மின்வாரியத்தின் பழைய 225 கிலோவாட் காற்றாலைகள் இந்தக் காற்றை நம்பி நட்டவை.

இங்கே நாம் செய்யப்போவது அதைவிட ரொம்பச் சின்னது. 3 மீட்டர் விட்டம், மூன்று இறக்கை, தோப்புச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) பேட்டரி ஏற்றுவதற்கான காத்தாடி. அதன் இறக்கை எந்த இடத்தில் எவ்வளவு அகலம், எவ்வளவு முறுக்கு என்பதைக் கணினியை விட்டுத் தேட வைக்கப்போகிறோம். சாதாரண மடிக்கணினியும் கொஞ்சம் பைதான் பழக்கமும் போதும். பெரியப்பா தோப்புக்காக நான் இதைச் செய்தபோது எங்கெங்கே சறுக்கினேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விதைத்தேங்காய்க் கணக்கு

பரிணாம முறை என்றவுடன் பயப்பட வேண்டாம். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. காய்ப்பு நன்றாக உள்ள மரத்தில் விதைக்காய் எடுக்கிறோம், நாற்றுவிட்டுத் தேறியதை நடுகிறோம், சோப்ளாங்கியைக் கழிக்கிறோம். நெட்டையையும் குட்டையையும் கலந்து பார்க்கிறோம். இதையே இறக்கைகளுக்குச் செய்தால் பரிணாம முறை. தென்னைக்கு ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு தலைமுறை நாலைந்து நொடி.

இதைக் காற்றியலுக்கு முதலில் கொண்டுவந்தவர்கள் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இங்கோ ரெக்கன்பெர்க்கும் ஹான்ஸ்-பால் ஷ்வெஃபெலும். 1964-இல் ரெக்கன்பெர்க் காற்றுச் சுரங்கத்தில் ஐந்து மூட்டுகள் கொண்ட மடக்குத் தகடு ஒன்றை வைத்தார். ஒவ்வொரு மூட்டுக்கும் 51 நிலை. மொத்தம் 34 கோடிக்கு மேல் வடிவங்கள். மூட்டுகளைக் குலுக்கல் முறையில் மாற்றுவது, இழுவிசை குறைந்தால் வைத்துக்கொள்வது, கூடினால் பழைய நிலைக்குத் திருப்புவது. கணினியே இல்லை, எல்லாம் கையால். கோணல்மாணலாகத் தொடங்கிய தகடு சில நூறு முயற்சிகளில் ஏறக்குறையத் தட்டையாகிவிட்டது. விடை முன்பே தெரிந்த கணக்கு என்பதால்தான் முறை வேலை செய்கிறது என்று நம்ப முடிந்தது. நாமும் இதையே பின்பற்றுவோம்: விடை தோராயமாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

முதல் வேலை: உங்கள் காற்று

பலரும் நேராக நிரலுக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன், இரண்டு வாரம் வீண். காற்று தெரியாமல் வடிவமைத்தால் வேறு யாரோ ஊருக்கு இறக்கை செய்ததாகிவிடும்.

பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றுசக்தி நிறுவனத்தின் வரைபடங்களைப் பாருங்கள். ஆனால் அவை பெரிய காற்றாலைகளின் உயரத்துக்குப் போட்டவை, 100 மீட்டரும் அதற்கு மேலும். நம் கம்பம் 18, 20 மீட்டர். இலவசமாகக் கிடைக்கும் நாசா தரவு ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்று போட்டது. கணவாயே 30 கிலோமீட்டர்தான் என்பதால் மலையும் இடைவெளியும் அதில் கலங்கிப்போகும். மாதத்துக்கு மாதம் காற்று எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு மட்டும் அதை எடுத்துக்கொண்டு, வேகத்துக்குச் சொந்தமாகக் காற்றுமானி கட்டிவிடுங்கள். ஆடிக்காற்றையும் கார்த்திகைக் காற்றையும் பிடித்துவிட்டால் பாதி வருடம் கையில் வந்த மாதிரி. சுற்றியுள்ள 100 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான தென்னையைவிடக் கம்பம் ஒரு 10 மீட்டராவது உயரமாக இருப்பது நல்லது. தென்னந்தலைக்கு மேல் காற்று சுருண்டுதான் வரும்.

அளந்ததை வைபுல் பரவலாக, அதாவது எந்த வேகம் எவ்வளவு நேரம் வீசும் என்று சொல்லும் வளைகோடாக, மாற்றுங்கள். அதற்கு இரண்டே எண்: வடிவ எண், அளவு எண். எடுத்துக்காட்டுக்கு வடிவ எண் 2, சராசரி வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அளவு எண் 5.64. இதிலிருந்து மூன்று விஷயம் தெரியும். வருடத்தில் கால்வாசி நேரம் காற்று 3 மீட்டருக்குக் கீழே, காத்தாடி நின்றுகொண்டிருக்கும். 12 மீட்டருக்கு மேல் வீசுவது நூற்றில் ஒரு பங்கு நேரம். சராசரி 5 ஆனாலும் ஆற்றல் அதிகம் வருவது 8 மீட்டர் வேகத்தை ஒட்டி. ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏறுவதால் வரும் விளைவு இது. சராசரி வேகத்துக்கு இறக்கை செய்கிறவர்கள் கோட்டைவிடும் இடமும் இதுதான்.

இன்னொன்று, காற்றின் அடர்த்தி. நூல்களில் கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று போட்டிருக்கும். அது கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்துக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் 35 டிகிரி வெயிலில் அது 1.11-க்குக் கீழே இறங்கிவிடும். நூலை நம்பினால் மின்சாரத்தைப் பத்து விழுக்காடு கூட்டிச் சொல்லிக்கொள்வீர்கள்.

கையால் ஓர் இறக்கை

கணினிக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போடுங்கள். நுனிவேக விகிதம் 6 என்று வைப்போம். அதாவது காற்று 8 மீட்டரில் வரும்போது இறக்கை நுனி 48 மீட்டரில் ஓடும், நிமிடத்துக்கு 306 சுற்று. குறுக்குவெட்டு வடிவம் நாக்கா 4412. பழைய வடிவம், ஆனால் அடிப்பக்கம் ஏறக்குறையத் தட்டை, செதுக்குவது சுலபம். காற்று 5 டிகிரியில் படும்போது அதன் தூக்குவிசைக் கெழு, அதாவது அந்த வடிவம் எவ்வளவு தூக்குகிறது என்பதற்கான எண், ஏறக்குறைய 1.0.

ஷ்மிட்ஸ் சூத்திரம் இப்படி. மையத்திலிருந்து எந்தத் தூரத்தில் கணக்கிடுகிறீர்களோ அந்த இடத்தின் வேக விகிதத்தை எடுங்கள் (6-ஐ அந்தத் தூரத்தால் பெருக்கி, ஆரமான 1.5 மீட்டரால் வகுத்தது). ஒன்றை அதனால் வகுத்து ஆர்க்டேன் கண்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் காற்று வரும் கோணம். ஒன்றிலிருந்து அந்தக் கோணத்தின் கொசைனைக் கழித்து, 8, பை, மையத்திலிருந்து உள்ள தூரம் மூன்றாலும் பெருக்கி, இறக்கை எண்ணிக்கையாலும் தூக்குவிசைக் கெழுவாலும் வகுத்தால் அந்த இடத்தின் அகலம், அதாவது நாண். காற்று வரும் கோணத்தில் 5 டிகிரியைக் கழித்தால் முறுக்கு.

போட்டுப் பார்த்தால், மையத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் அகலம் 26.5 சென்டிமீட்டர், முறுக்கு 21.5 டிகிரி. முக்கால் தூரத்தில் 10 சென்டிமீட்டர், 3.4 டிகிரி. நுனியில் 7.6 சென்டிமீட்டர், 1.3 டிகிரி.

நல்ல இறக்கைதான் இது. பிறகு எதற்குப் பரிணாமம்? இந்தச் சூத்திரத்துக்கு ஒரே வேகம், ஒரே தூக்குவிசைக் கெழு, இழுவிசையே இல்லாத காற்று. 26.5 சென்டிமீட்டர் பலகை மரக்கடையில் கிடைக்குமா என்று அதற்குத் தெரியாது. நின்றுபோன காத்தாடி 3 மீட்டர் காற்றில் மறுபடி கிளம்புமா என்று அது கேட்பதில்லை. இவையெல்லாம் ஒன்றையொன்று இழுக்கும் இடத்தில்தான் தேடல் முறை உதவும்.

இறக்கையை எட்டு எண்ணாக்குதல்

பரிணாமத்துக்கு மரபணு வேண்டும். நமக்கு அது எட்டு எண்: நான்கு இடங்களில் அகலம், நான்கு இடங்களில் முறுக்கு. இடையில் வழவழப்பான வளைகோடு போட்டு இணைத்துக்கொள்ளலாம். இருபது இடத்தில் தனித்தனியாக எண் கொடுத்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். கிடைப்பது முருங்கைக்காய் மாதிரி புடைத்தும் ஒடுங்கியும் ஓர் இறக்கை.

எல்லைகளையும் இப்போதே போடுங்கள். அடியில் அகலம் அதிகபட்சம் கிடைக்கும் பலகையின் அகலம். எங்களுக்கு 15 சென்டிமீட்டர். நுனியில் குறைந்தபட்சம் என்ன என்பதைப் பற்றிக் கடைசியில் ஆசாரி சொல்வார். அகலம் அடியிலிருந்து நுனிக்குக் குறைந்துகொண்டே போக வேண்டும்.

கணக்குப் போடும் இயந்திரம்

ஒவ்வோர் இறக்கைக்கும் மதிப்பெண் போட வேண்டும். முழுக் காற்றோட்ட உருவகப்படுத்தலால் இதைச் செய்யலாமா? ஓர் இறக்கைக்கு 2 மணி நேரம் என்றால், 80 இறக்கைகள் கொண்ட கூட்டம் 150 தலைமுறைக்கு 24,000 மணி நேரம், சரியாக 1,000 நாள். வேண்டாம். இறக்கைத் துண்டு உந்தக் கணக்கு நமக்குப் போதும். இறக்கையை இருபது துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் காற்று இழக்கும் உந்தமும் இறக்கை மேல் விழும் விசையும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுவது. ஓர் இறக்கைக்கு நொடியில் ஒரு பங்கு நேரம். சொந்தமாக எழுத விருப்பமில்லை என்றால், இதே பெர்லின் பல்கலைக்கழகத்தில் உருவான க்யூபிளேடு என்ற நிரல் இருக்கிறது.

இரண்டு திருத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்று, பிராண்டலின் நுனி இழப்பு: நுனியைச் சுற்றிக் காற்று நழுவுவதால் அங்கே குறையும் விசை. இன்னொன்று, காற்று மிக அதிகமாகத் தடுக்கப்படும்போது வரும் கிளாவர்ட் திருத்தம்.

தூக்குவிசை, இழுவிசை அட்டவணையை எக்ஸ்ஃபாயிலில் எடுக்கலாம். எம்ஐடியில் மார்க் ட்ரேலா 1986-இல் எழுதிய நிரல், இன்றும் இலவசம். இங்கே கவனம் வேண்டியது ரெனால்ட்ஸ் எண்: வேகத்தையும் அகலத்தையும் பெருக்கி, காற்றின் பிசுக்கால் வகுத்தது. விமான நூல்களில் உள்ள அட்டவணைகள் பத்து லட்சம், முப்பது லட்சத்துக்குப் போட்டவை. நம் இறக்கையின் முக்கால் தூரத்தில் 10 சென்டிமீட்டர் அகலம், நொடிக்கு 37 மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம். நம் சூட்டுக் காற்றில் அது ஏறக்குறைய 2 லட்சம்தான் வரும். காற்று 4 மீட்டராக இறங்கினால் ஒரு லட்சம். அந்த நிலையில் காற்று இறக்கையின் முதுகைவிட்டுக் குமிழாகப் பிரிந்து எழும், இழுவிசை கூடும். ஆகவே ஒரு லட்சம், 2 லட்சம், 3 லட்சத்துக்குத் தனித்தனி அட்டவணை எடுங்கள். எக்ஸ்ஃபாயிலில் என்கிரிட் என்றொரு அளவு உண்டு, காற்று எவ்வளவு கலங்காமல் வருகிறது என்பதற்கு; இயல்பாக 9. தோப்புக் காற்றின் கலக்கத்துக்கு அதை 5 அளவுக்கு இறக்கி வைப்பது மேல்.

மதிப்பெண், அல்லது வெள்ளாட்டுக்கு வேலி

இந்த வேலையில் அசல் வடிவமைப்பு நடப்பது இங்கேதான். பரிணாம நிரல் வெள்ளாடு மாதிரி. பச்சை எங்கே என்று அதற்குத் தெரியும், வேலியில் ஓட்டை இருந்தால் அதுவும் தெரியும். நீங்கள் கேட்டதை அட்சரம் பிசகாமல் கொடுக்கும். நீங்கள் நினைத்ததை அல்ல.

என் முதல் ஓட்டம் இப்படி. வேகமாக முடியட்டும் என்று உந்தக் கணக்கின் சுற்றுகளை இருபதோடு நிறுத்தி வைத்திருந்தேன். காலையில் வந்து பார்த்தால் காற்றின் ஆற்றலில் 61 விழுக்காடு எடுக்கிறது என்று திரையில் நின்றது. ஒரு டீ குடிக்கும் நேரம் சந்தோஷமாக இருந்தேன். ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே உச்சவரம்பு போட்டிருக்கிறார்: 27-இல் 16 பங்கு, 59.3 விழுக்காடு. நல்ல சிறு காற்றாலை 40-ஐத் தொட்டால் பெரிது. நடந்தது என்னவென்றால், எந்த வடிவங்களில் கணக்கு இருபது சுற்றில் சேராமல் தொங்குகிறதோ அந்த வடிவங்களாகப் பார்த்து நிரல் பொறுக்கியிருக்கிறது. அடுத்த ஓட்டத்தில் இறக்கை முழுவதும் காற்று 11.5 டிகிரியில் படும்படி அமைந்தது. அட்டவணையைத் திறந்து பார்த்தால், அந்த ஒரு வரியில் எக்ஸ்ஃபாயில் தடுமாறி இழுவிசையைப் பாதியாகக் காட்டியிருந்தது. எண்பது பேர் கொண்ட கூட்டம் முழுக்க அந்த ஒரு பிழை வரியில் போய் மேய்ந்துகொண்டிருந்தது.

ஆகவே வேலி. கணக்குச் சேராத இறக்கைக்கு மதிப்பெண் பூஜ்யம். அட்டவணையை வரைந்து பார்த்து, துருத்தும் புள்ளிகளை நீக்கிவிடுங்கள். மதிப்பெண்ணாக ஒரே வேகத்தின் திறனைக் கொடுக்காமல், 3 முதல் 12 மீட்டர் வரை ஒவ்வொரு வேகத்திலும் கிடைக்கும் திறனை அந்த வேகம் வருடத்தில் எத்தனை மணி நேரம் வீசுகிறது என்பதால் பெருக்கிக் கூட்டுங்கள். அதுதான் வருட யூனிட். ஜெனரேட்டர் எந்தச் சுற்றுக்கு எவ்வளவு திருகுவிசை கேட்கும் என்பதையும் இதில் சேர்க்க வேண்டும். எல்லா வேகத்திலும் நுனிவேக விகிதம் 6-இலேயே ஓடும் என்று வைத்துக்கொள்வது இன்னோர் ஓட்டை.

பிறகு வலிமை. 1.5 கிலோ இறக்கை, எடை மையம் 60 சென்டிமீட்டரில் என்றால், 306 சுற்றில் அடிப்பகுதியை 94 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே இழுக்கும். புயலில் கட்டுத் தவறி 600 சுற்றுக்குப் போனால் 360 கிலோவைத் தாண்டும். அடியின் தகைவு அந்த மரம் தாங்கும் எல்லையைத் தொட்டால் கடுமையான அபராதம் போடுங்கள். சிறு காற்றாலைகளுக்கான ஐஇசி 61400-2 தரம் இந்தச் சுமைகளை எளிய சூத்திரங்களாகவே தருகிறது.

ஓட்டுவது

எண்கள் தொடர்ச்சியாக மாறும் இந்த மாதிரிக் கணக்குக்கு என் தேர்வு வேறுபாட்டுப் பரிணாமம். ஸ்டோர்னும் ப்ரைஸும் 1995-இல் கொடுத்தது. கூட்டத்தில் மூன்று இறக்கையை எடு. இரண்டுக்கு இடையிலான வித்தியாசத்தை 0.7-ஆல் பெருக்கி மூன்றாவதோடு கூட்டு. வந்ததைத் தாயோடு, அதாவது கூட்டத்தில் முறை வந்த நாலாவது இறக்கையோடு, கலந்து குட்டி உண்டாக்கு. குட்டி தாயைவிட மேலானால் தாயின் இடம் அதற்கு, இல்லையென்றால் தாயே தொடரட்டும். கூட்டம் பரந்து கிடக்கும்போது வித்தியாசங்கள் பெரிதாக இருக்கும், தேடல் தாவும். கூட்டம் நெருங்க நெருங்கத் தாவலும் தானாகச் சுருங்கும். இதன் அழகே அதுதான்.

பைதானின் சைபை நூலகத்தில் இது தயாராகவே உள்ளது. மூன்று குறிப்பு: அது சிறுமத்தைத் தேடும், ஆகவே யூனிட்டுக்கு முன் கழித்தல் குறி போடுங்கள். பாப்சைஸ் என்பது பெருக்கும் எண். 10 என்று கொடுத்தால் எட்டு மரபணுவுக்கு 80 பேர், 80 என்று கொடுத்தால் 640 பேர். கடைசியில் பாலிஷ் என்று ஒரு மெருகூட்டல் தானாக நடக்கும். அட்டவணைக் கணக்கில் அது தடுமாறும், அணைத்துவிடுங்கள். கையால் போட்ட ஷ்மிட்ஸ் இறக்கையை எல்லைக்குள் வரும்படி வெட்டி ஆரம்பக் கூட்டத்தில் ஓர் ஆளாகச் சேர்த்துவிடுங்கள். முடிவில் வந்தது அதைவிட மேலாக இல்லை என்றால் நிரலில் கோளாறு.

கிளம்புவதா, விளைவதா

அடிப்பகுதி அகலத்தை 26.5-இலிருந்து 15-ஆகக் குறைத்தால் வருட யூனிட்டில் பெரிய நஷ்டம் இல்லை. ஆரத்தின் உள் 30 விழுக்காடு மூடுவது வட்டத்தின் பரப்பில் 9 விழுக்காடுதான். ஆனால் நிற்கும் காத்தாடியைத் தள்ளிக் கிளப்புவது அந்த அடிப்பகுதிதான்; அகலமும் முறுக்கும் அங்கே குறைந்தால் மெல்லிய காற்றில் அசையாது. கால்வாசி நேரம் நிற்கிற ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலக்காதீர்கள். கான்பூர் ஐஐடியில் கல்யாண்மய் தேப் குழு 2002-இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 முறை இதற்கென்றே உள்ளது. ஒரு விடைக்குப் பதிலாக ஒரு வரிசையே கொடுக்கும்: ஒரு முனையில் யூனிட் அதிகம், கிளம்பத் தாமதம், மறுமுனையில் சட்டென்று கிளம்பும், யூனிட் குறைவு. நடுவில் கோடு சட்டென்று மடங்கும் இடம் ஒன்று இருக்கும். அங்கே இருப்பதை எடுங்கள்.

சந்தேகப்படுங்கள்

குலுக்கலுக்கு வேறு வேறு தொடக்க எண் கொடுத்து ஐந்து முறை ஓட்டுங்கள். யூனிட்டே ஐந்து விதமாக வந்தால் தேடல் முடியவில்லை. யூனிட் ஒன்றாகவும் வடிவம் வேறாகவும் வந்தால் நல்ல செய்தி: மதிப்பெண் மலையின் உச்சி தட்டையாக இருக்கிறது, செதுக்கச் சுலபமானதைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு முறுக்கை ஒரு டிகிரி, அகலத்தை 2 மில்லிமீட்டர் மாற்றிப் பாருங்கள். அதற்கே யூனிட் சரிந்தால் அந்த இறக்கை உளிக்கு ஆகாது.

ஆசாரியின் பட்டறையில்

அச்செடுத்த வார்ப்புருக்களை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனேன். மலைவேம்புப் பலகை, இழைப்புளி, அரம் எல்லாம் தயார். நுனி அகலம் 4.5 சென்டிமீட்டர் என்று நிரல் கொடுத்திருந்தது. பன்னிரண்டு விழுக்காடு தடிமன் என்றால் 5.4 மில்லிமீட்டர். அவர் வார்ப்புருவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, பின்னோரம் இங்க தாள் மாதிரி வருதுங்களே. மேல ஏத்தி ஒரு வண்டு அடிச்சாப் பிஞ்சு போகுமுங்க.”

“எவ்வளவு வெச்சா நிக்குமுங்க?”

“பின்னோரம் ரெண்டு மில்லி. நுனி ஏழு சென்டி வெச்சுக்கோங்க, அதுக்குக் கீழ நான் பொறுப்பில்லீங்க.”

இரண்டையும் எல்லையாகப் போட்டு மறுபடி ஓட்டினேன். வருட யூனிட்டில் ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை. இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

செதுக்கி முடித்தபின் மூன்று இறக்கையையும் தராசில் வைத்துச் சில கிராமுக்குள் கொண்டுவாருங்கள்; எடை மட்டும் ஒத்தால் போதாது, கத்தி முனையில் நிறுத்தி எடை மையமும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு வார்ப்புருவையும் கோணமானியையும் வைத்து உண்மையில் வந்த அகலத்தையும் முறுக்கையும் எட்டு இடத்தில் அளந்து நிரலுக்கே திரும்பக் கொடுங்கள். எங்களுடையதில் முக்கால் தூரத்தில் முறுக்கு ஒன்றரை டிகிரி கூடுதலாக வந்திருந்தது. நிரல் யூனிட்டில் சிறு நஷ்டமும் கிளம்புவதில் சிறு லாபமும் காட்டியது. மறுபடி இழைக்கச் சொல்லவில்லை. அப்படியே இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து ஏற்றிவிட்டோம்.